தீப்பெட்டிப் படங்களும் சேகரிப்பு வணிகமும்

(இளங்கலை வணிகவியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

சேகரித்தல் மனிதனுடைய பழைய குணங்களுள் ஒன்றாகும். எறும்பும் சேகரிக்கிறது, ஆனால் அது உண்பதற்காகச் சேகரிக்கிறது. மனிதனோ உண்ணவும் உடுக்கவும் உதவாத பொருள்களைக்கூடத் தேடித் தேடிச் சேர்க்கிறான். அஞ்சல் தலை, நாணயம், பழைய கடிதம், கிளிஞ்சல் என அப்பட்டியல் நீளும். அவற்றுள் படச்சீட்டு என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சேகரிப்பதும் விற்பதும் ஒரு பிழைப்பாக முடியுமா என்பதை நான் பட்ட அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தூண்டியவன் என் தம்பி. திருச்சுழியில் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவன், பள்ளிக்கு எதிரே உள்ள கடையில் போக்கிமான் சீட்டுகளை உறை உறையாக வாங்கிக் குவித்து வைத்திருக்கிறான். உறையைப் பிரிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நினைத்த சீட்டு வராவிட்டால் மறுநாளும் ஓர் உறை வாங்க வேண்டும். தங்கநிறத்தில் பளபளக்கும் சீட்டு ஒன்றைக் காட்டி, “அக்கா, இது வெளிநாட்டுல லட்ச ரூபாய்க்குப் போகுமாம்” என்றான். அது அசல் அன்று என்பதை எழுத்துப் பிழையே காட்டிக் கொடுத்தது. ஆயினும் அவன் கூறியதில் பாதி உண்மை இருந்தது.

படச்சீட்டின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிகரெட்டுகளை மெல்லிய காகித உறையில் விற்றனர். உள்ளிருக்கும் சிகரெட் நசுங்காதிருக்க ஒரு சிறு அட்டையைச் செருகினர். வெற்று அட்டை வீணாவானேன் என்று அதில் படம் அச்சிட்டனர். நடிகையர், போர்வீரர், பறவை, கொடி, விளையாட்டு வீரர் என்று வரிசை எண்ணிட்டு வெளியிடவே, வரிசையை நிறைவு செய்ய வேண்டும் என்ற ஆசை வாங்குபவர்களைப் பற்றிக்கொண்டது. பின்னர் சிகரெட் போய்ப் பபிள்கம் வந்தது. நம் ஊர்களிலும் 1990களில் பிக் ஃபன் பபிள்கத்தில் வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்தவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்த அண்ணன்மார்கள். போக்கிமான் சீட்டு ஜப்பானில் 1996ஆம் ஆண்டு தோன்றியது.

இவ்வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் வணிகவியல் மாணவர் அனைவரும் அறியத்தக்கவை. அமெரிக்காவில் டாப்ஸ் என்னும் நிறுவனம் 1952ஆம் ஆண்டு பேஸ்பால் வீரர்களின் படங்களை வெளியிட்டது. அவற்றுள் ஒரு பகுதி விற்காமல் கிடங்கில் தேங்கியது. இடத்தை அடைக்கிறதே என்று 1960ஆம் ஆண்டு அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். அந்தத் தொகுதியைச் சேர்ந்த மிக்கி மேண்டில் என்னும் வீரரின் படம் ஒன்று, பழுதில்லாமல் தப்பியது, 2022ஆம் ஆண்டு ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. பழைய சீட்டுக்கு விலை ஏறுகிறது என்று பரவியதும், 1980களின் இறுதியில் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் அச்சிட்டுத் தள்ளின. வாங்கியவர்களும் விளையாடாமல், மடிக்காமல், பெட்டியில் பூட்டி வைத்தார்கள். எல்லாரும் பூட்டி வைத்ததனால் எல்லாரிடமும் இருக்கிறது. ஆகவே பெரும்பாலானவற்றை வாங்க ஆளில்லை. எறிவதற்கென்று செய்த பொருள் அரிதாகிறது. சேர்ப்பதற்கென்று செய்த பொருள் மலிந்துபோகிறது. இதை என் தம்பிக்கு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவன் கேட்பதாக இல்லை.

இந்தக் கணக்கு நம் ஊர்ச் சிறுவர்களுக்கும் தெரிந்ததுதான். என் தந்தையார் அருப்புக்கோட்டைத் தெருக்களில் காலி சிகரெட் அட்டைகளை வைத்து விளையாடியதைக் கூறுவார். வட்டத்திற்குள் அட்டைகளை அடுக்கித் தொலைவிலிருந்து சில்லால் அடித்து வெளியேற்ற வேண்டும். எங்கும் கிடக்கும் அட்டைக்கு மதிப்புக் குறைவு. எப்போதோ ஒருமுறை கிடைக்கும் அட்டைக்கு மதிப்பு மிகுதி. அம்மதிப்பை எந்தப் பெரியவரும் நிர்ணயிக்கவில்லை.

நம் பக்கத்துப் படம்

நம் பகுதிக்கு உரிய படச்சீட்டு எது என்று எண்ணிப் பார்த்தபோது, அது தீப்பெட்டியின் மேல் ஒட்டிய லேபிளே என்று எனக்குத் தோன்றியது. உரசினால் பற்றும் தீக்குச்சியை ஜான் வாக்கர் என்னும் ஆங்கிலேயர் 1826ஆம் ஆண்டு கண்டுபிடித்தார். நம் நாட்டிற்குத் தொடக்கத்தில் சுவீடன், ஆஸ்திரியா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து தீப்பெட்டி வந்தது. நம் தெய்வங்களின் படங்களை அவர்களே அச்சிட்டு அனுப்பினார்கள் என்பது வியப்புக்குரியது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923ஆம் ஆண்டு தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். அதே 1923ஆம் ஆண்டில்தான் சுவீடன் நாட்டு முதலீட்டில் விம்கோ நிறுவனமும் தோன்றியது. தீப்பெட்டிக்குப் படம் வேண்டியிருந்ததனால் அச்சுத்தொழில் சிவகாசியில் வேரூன்றியது.

கைத்தொழிலாக நடந்த சிறு தொழிற்சாலைகள் சாத்தூர், கோவில்பட்டி, அருப்புக்கோட்டைச் சீமையெங்கும் பரவின. மழை பொய்த்தால் பருத்தியும் மிளகாயும் பொய்த்துவிடும் கரிசல் மண்ணில், பெண்களுக்கும், சொல்லவும் கூசுகிறது, குழந்தைகளுக்கும் அதுவே கஞ்சி வார்த்தது. 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996ஆம் ஆண்டு சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைக் குழந்தைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் அப்பத்தா இவற்றிற்கெல்லாம் முந்தியவர்.

அப்பத்தா பிறந்தது பந்தல்குடிப் பக்கத்துச் சிற்றூர். ஏழு வயதில் பெட்டி ஒட்ட உட்கார்ந்தவர். அக்காலத்தில் பெட்டி மரச்சீவலால் ஆனது. நீலத்தாள் சுற்றி அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் செய்து, மேல்பெட்டியின் முகத்தில் படம் ஒட்ட வேண்டும். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒரு குரோஸ். கணக்கு டஜனில்தான். இன்றைக்கும் அப்பத்தா முறுக்கை எண்ணினாலும் பன்னிரண்டு பன்னிரண்டாகவே எண்ணுவார்.

கோணலாக வெட்டுப்பட்ட படங்களையும், வண்ணம் விலகி அச்சானவற்றையும் அப்பத்தாவும் அவர் தங்கையும் எடுத்து வைத்து, யாரோ கொடுத்த பழைய பேரேடு ஒன்றில் ஒட்டிவந்திருக்கிறார்கள். கிளி, விளக்கு, ரயில், மயில், தராசு, காந்தியடிகள், நேரு, தாமரை என்று அறுபத்து நான்கு பக்கம். அப்பேரேடு தகரப் பெட்டியின் அடியில் கிடந்ததை நான் கண்டது இரண்டாண்டுகளுக்கு முன்புதான். நான் வியந்து பார்த்ததைக் கண்டு, “ஏத்தா, குப்பையில போற காகிதத்துக்கு இம்புட்டு சந்தோசமா?” என்று கேட்டார்.

தீப்பெட்டிப் படம் சேகரிப்பதற்கு மேல்நாட்டார் ஃபில்லுமெனி என்று பெயரிட்டுள்ளனர். மார்ஜரி எவன்ஸ் என்னும் ஆங்கிலேய அம்மையார் 1943ஆம் ஆண்டு உண்டாக்கிய சொல் அது. நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கில் சேர்த்தவர்கள் உள்ளனர். இன்று மேல்பெட்டியே அட்டையாகி, படமும் அதன் மீதே நேராக அச்சாகி வருவதால், தனிக் காகித லேபிள் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆகவே பழையதற்கு ஒரு சந்தை உண்டாகியிருக்கிறது. நானும் அச்சந்தையில் இறங்கினேன். பேரேட்டைத் தொடாமல், பழைய காகிதக் கடைகளிலும், மூடிப்போன சிறு தொழிற்சாலைகளின் மீதச் சரக்கிலும், சந்தையிலும் வாங்கி, கைப்பேசியில் படம் காட்டி விற்பது என்று தீர்மானித்தேன்.

ஒரு தவறு

முதல் மூன்று மாதத்தில் எனக்குக் கர்வம் வந்துவிட்டது. ஒரு வாரச் சந்தையில் பழம்பொருள் விற்பவரிடம் ஒரு படத்தை எழுபது ரூபாய்க்கு வாங்கினேன். சிங்கத்தின் மீது அமர்ந்த பாரத மாதா. கீழே “விலை அரை அணா” என்று தமிழில் எழுத்து. காகிதம் நன்றாகப் பழுத்த நிறம். சுதந்திரத்திற்கு முந்தியது என்று எழுதி, மதுரையில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நானூற்றைம்பது ரூபாய்க்கு அனுப்பினேன். நான்காம் நாள் அவர் பேசினார். கடிந்துகொள்ளவில்லை. “அம்மா, அந்தப் படத்தில் ‘விலை’ என்ற சொல்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்” என்று மட்டும் கூறினார்.

பார்த்தேன். ‘லை’ என்னும் எழுத்து இன்று நாம் எழுதும் வடிவில் இருந்தது. பழைய அச்சில் அந்த எழுத்திற்கு யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த கொம்பு உண்டு. அதை நீக்கி இன்றைய வடிவைத் தமிழக அரசு ஏற்றது 1978ஆம் ஆண்டு. அணாவோ 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தசம நாணயம் வந்ததும் விடைபெறத் தொடங்கியது. அணாவும் புதிய ‘லை’யும் ஒரே படத்தில் கூடி வாழ வழியில்லை. யாரோ அண்மையில் அச்சிட்டுத் தேநீர்ச் சாற்றில் நனைத்த தாள் அது. எனக்கு விற்றவரும் அறிந்து விற்றாரா என்பதை நான் கேட்கவில்லை. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். அஞ்சல் செலவும் என்னுடையதே. அவ்வாசிரியர் அந்தப் படத்தையும் திருப்பி அனுப்பி, “பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு துண்டுச்சீட்டும் வைத்திருந்தார்.

அன்று முதல் விற்பதை நிறுத்தி இரண்டு மாதம் படித்தேன்.

காலம் அறியும் முறை

நான் கற்றவற்றை, இத்துறையில் ஈடுபட விரும்பும் மாணவ நண்பர்களுக்காகச் சற்று விரிவாகவே கூறுகிறேன். தீப்பெட்டிப் படத்தில் ஆண்டு அச்சிடுவது வழக்கமன்று. ஆகவே ஆண்டை நாமே கறக்க வேண்டும்.

முதலில் காசைப் பார்க்க வேண்டும். அணா இருந்தால் மேலே கூறியபடி. “நயா பைசா” என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது என்று பெரும்பாலும் துணியலாம். 1964 ஜூன் மாதத்தில் ‘நயா’ என்னும் அடைமொழி கைவிடப்பட்டது. அண்மைக் காலத்திற்கு வந்தால், ஒரு பெட்டியின் விலை 1995இல் ஐம்பது காசு, 2007இல் ஒரு ரூபாய், 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் என உயர்ந்தது.

அடுத்து முகவரி. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்று நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது 1972 ஆகஸ்டு 15. ஆகவே 626 என்று தொடங்கும் எண் இருந்தால் அதற்குப் பிந்தியது. இராமநாதபுரம் மாவட்டம் என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1985க்கு முந்தியது. அவ்வாண்டில்தான் நம் மாவட்டம் காமராசர் மாவட்டம் என்ற பெயரில் தனியாகப் பிரிந்தது. பழைய முகவரி அச்சடித்த தாள் மீதமிருந்தால் தொழிற்சாலைக்காரர் அதைக் கிழித்தெறிய மாட்டார், சில ஆண்டுகள் ஓட்டிவிடுவார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சிக்கனம் ஆராய்ச்சியாளருக்குத் தொல்லை.

எழுத்து வடிவத்தைப் பற்றிக் கூறினேன். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெரியார் அவர்கள் 1935ஆம் ஆண்டு முதலே தம் ஏடுகளில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார்கள். ஆகவே புதிய ‘லை’ ஒன்றை மட்டும் கண்டு 1978க்குப் பிந்தியது என்று அடித்துக் கூற இயலாது. குறைந்தது இரண்டு சான்று ஒத்துப்போக வேண்டும்.

பிறகு அச்சு. ஒரு பூதக்கண்ணாடி போதும். பழைய கல்லச்சில் ஓவியர் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே படிந்திருக்கும். பழைய படத்தை இன்று நகலெடுத்து அச்சிட்டால், நான்கு வண்ணப் புள்ளிகள் வரிசை பிடித்துக் கோலம் போட்டாற்போல் தெரியும். காகிதத்தைச் சோதிக்க ரூபாய் நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு உதவும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே காகிதத்தில் வெண்மையூட்டும் இரசாயனம் பரவலாகச் சேர்ந்தது. அவ்விளக்கின் கீழ் நீலம் கலந்த வெண்மையாய் ஒளிர்ந்தால், அத்தாள் போருக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஒளிராவிட்டால் பழையது என்று கொள்ளலாமா எனில், கூடாது. இரசாயனம் சேராத தாள் இன்றும் உண்டு. என் பாரத மாதா அந்த விளக்கின் கீழ்ப் பௌர்ணமி நிலவாய் ஒளிர்ந்தாள்.

பாதுகாப்பு முறையைப் பற்றிச் சில சொற்கள். பெட்டியில் ஒட்டிய படத்தைக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, தானாகக் கழன்று வரும் வரை காத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டு வெந்நீர் ஊற்றியதில் ஒரு சிவப்பு மயில் வெள்ளை மயில் ஆயிற்று. வெயிலில் உலர்த்தவும் கூடாது. நம் ஊர் வெயிலுக்குச் சிவப்பு முதலில் பலியாகும். பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றினால் போதும். லேமினேஷன் செய்வது படத்தைக் கொல்வதற்குச் சமம், வாங்குபவர் தொடமாட்டார். மாவுப் பசைக்கு இராமபாணப் பூச்சி வரும். அதனால்தான் அக்காலத்தில் பசையில் மயில்துத்தம் கலந்தார்கள் என்று அப்பத்தா கூறினார். மழை வளம் இல்லாத நம் பூமிக்கு இதில் மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. காற்றில் ஈரம் குறைவாதலால் காகிதம் பூஞ்சை பிடிக்காமல் நெடுநாள் கிடக்கிறது.

வரவும் செலவும்

வணிகவியல் மாணவி கணக்குக் காட்டாமல் முடித்தால் பேராசிரியர்கள் மன்னிக்க மாட்டார்கள். பதினான்கு மாதத்தில் நான் விற்றது ரூ. 5,900. திருப்பித் தந்த ரூ. 450ஐக் கழித்தால் ரூ. 5,450. படம் வாங்கிய செலவு ரூ. 2,350, பேருந்துக் கட்டணம் ரூ. 910, உறைகளும் கோப்புகளும் ரூ. 640, அஞ்சல் ரூ. 385, ஆகச் செலவு ரூ. 4,285. மிச்சம் ரூ. 1,165. மாதத்திற்கு எண்பத்து மூன்று ரூபாய் விழுகிறது. என் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்த்தால் நட்டம் என்பது வெளிப்படை. விற்காத சரக்காக நூற்றெழுபது படங்கள் கையில் உள்ளன. அவற்றிற்கு ஒரு மதிப்புப் போட்டு இருப்பில் காட்டலாம். ஆனால் வாங்குபவர் வரும் வரை அது என் விருப்பமேயன்றி விலையாகாது.

இத்தொழிலில் வாழ்வோர் இல்லையா எனில், உண்டு. அவர்களிடம் நீண்ட நாள் பழக்கமும், பொறுத்திருக்கப் பணமும், ஏமாறாத கண்ணும் இருக்கின்றன. மேல்நாட்டில் 1991ஆம் ஆண்டு முதல் சீட்டுகளைச் சோதித்து, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக்கில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் இயங்குகின்றன. விற்பவர் சொல்லை வாங்குபவர் நம்ப வேண்டிய தேவை அதனால் குறைகிறது. நம் தீப்பெட்டிப் படத்திற்கு அப்படி ஓர் ஏற்பாட்டை நான் கண்டதில்லை. விற்பவரின் சொல்லே முத்திரை. அச்சொல்லை நான் ஒருமுறை தவறாகக் கொடுத்துவிட்டேன்.

பேரேடு

அந்த மதுரை ஆசிரியர் சென்ற தை மாதம் எங்கள் வீட்டிற்கு வந்தார். பேரேட்டை ஒரு மணி நேரம் புரட்டினார். ஒன்பதாயிரம் ரூபாய் தருவதாகக் கூறினார். எங்கள் வீட்டில் மேற்குப் பக்கத்து ஓடுகள் மாற்ற வேண்டியிருக்கின்றன. ஒன்பதாயிரம் அதற்குச் சரியாகப் போகும். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பத்தாவைப் பார்த்தேன்.

“வித்துப்புடு தாயி. ஆனா அந்தக் கிளிப் பக்கம் மட்டும் இருக்கட்டும்” என்றார் அப்பத்தா.

ஏன் என்று ஆசிரியர் கேட்டார். அந்தப் பக்கத்தை ஒட்டியவர் அப்பத்தாவின் தங்கை. மறுவாரம் காய்ச்சலில் இறந்துபோனாராம். ஒன்பது வயது. பசை காய்வதற்குள் புரட்டியதால் எதிர்ப்பக்கத்தில் கிளியின் நிழல் பதிந்திருப்பதை அப்பத்தா விரலால் தொட்டுக் காட்டினார். அதை நான் எத்தனையோ முறை பார்த்தும் அழுக்கு என்றே எண்ணியிருந்தேன்.

ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம், “உதிரியாக இந்தப் படங்கள் வேறு இடத்திலும் கிடைக்கும் அம்மா. எந்தத் தொழிற்சாலைக்கு ஒட்டினார், எந்த வருடம், யார் கொண்டுவந்து கொடுத்தார் என்று ஒவ்வொரு பக்கத்திற்கும் இவரைக் கேட்டு எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். விற்பதானாலும் அப்போது ஒன்பதாயிரம் போதாது” என்று கூறிவிட்டுப் போனார். வாங்க வந்தவரே விலையை உயர்த்திவிட்டுப் போனதை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அன்று முதல் இரவு உணவுக்குப் பின் ஒரு பக்கம் என்று எழுதிவருகிறேன். சில பக்கங்களுக்கு அப்பத்தா அரைமணி நேரம் பேசுவார். சிலவற்றிற்கு, “அது எந்தக் கம்பெனியோ தெரியலத்தா” என்பதோடு முடிந்துவிடும். மேற்குப் பக்கத்துக் கூரையில் இப்போதைக்குத் தார்ப்பாய் விரித்திருக்கிறோம். இக்கட்டுரையை எழுதும் இன்று வரை முப்பத்தெட்டுப் பக்கங்கள் முடிந்துள்ளன. கிளிப் பக்கம் இன்னும் வரவில்லை.